மாத்திரை நிறுத்திய ஐந்து நாள்

என் வீட்டுக்காரர் கோவர்த்தனனின் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். கரும்புக் கொல்லையிலிருந்து வந்து, இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்க உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாலு அடி ஓடியது, ஒன்று நின்றது, மறுபடி தலைதெறிக்க ஓடியது. "வெயிலு" என்றார். அவருக்கு எல்லாமே வெயில்தான். மறுநாளே எங்கள் ஊர் பாலசமுத்திரத்திலிருந்து சித்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

திருப்பதி டாக்டர் பொறுமைசாலி. இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகிறது என்றார். வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. கொஞ்ச வாரம் கழித்து மயக்கம் கொடுத்து நெஞ்சில் ஒரு ஷாக் கொடுப்பாராம். அதில் இதயம் பழைய தாளத்துக்கு வந்துவிடுமாம். வராவிட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுட்டுவிடலாமாம்.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் ஊர் நாகபூஷணத்துக்கு நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறார்கள், அதையே இவருக்கும் வையுங்கள் என்றேன். "அது மெதுவாக அடிக்கிற இதயத்துக்கும்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஓடுற இதயம்" என்று சிரித்தார்.

எங்கள் மகள் காவ்யாவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்த 2008-ஆம் வருஷம் கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனி அனுப்புவதாக இருந்தது. அவள் விமானம் ஏறுவதற்கு முன்னால் அப்பா குணமாவதைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் ஷாக்குக்குத் தேதி கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் திருமலைப் பெருமாள் மலையப்பனைக் கேட்காமல் எந்த வைத்தியமும் நடக்காது. ஷாக்குக்கு முன்னாலேயே இவர் முடி கொடுப்பதாக நான் வேண்டிக்கொண்டேன். அங்கேதான் சிக்கல். ரத்தம் உறையாத மாத்திரையைக் கொடுத்த நர்ஸ், "கத்தி, பிளேடு ஜாக்கிரதை. வெட்டுப்பட்டா ரத்தம் லேசில் நிக்காது" என்று சொல்லியிருந்தாள். திருமலையில் முடி எடுக்கிற வேகம் உங்களுக்குத் தெரியும். கண்ணை மூடித் திறப்பதற்குள் மொட்டை. காதோரம் ஒரு கீறல் விழாமல் வந்தவர்கள் குறைவு.

அதனால் ஐந்து நாள் அந்த மாத்திரையை நிறுத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார். அதற்குப் பதிலாகச் சத்து மாத்திரையைக் கையில் வைத்தேன். அதே அளவு, அதே மாதிரி உருண்டை. நான் கொடுத்ததை அவர் என்றைக்குப் பார்த்து விழுங்கியிருக்கிறார்? மொட்டை நல்லபடியாக முடிந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, மறுநாளிலிருந்து பழைய மாத்திரையைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது.

ஷாக் கொடுக்கும் காலையில் டாக்டர் கட்டிலருகே வந்து தெலுங்கில் கேட்டார். "ஒக்க ரோஜு கூட மாத்ர மானலேது கதா?" ஒரு நாள்கூட மாத்திரை விடவில்லையே?

"இல்ல சார். இவதான் கையில குடுக்கறா. தப்பவே தப்பாது" என்றார் இவர், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் யார் தப்புச் செய்தாலும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பரிசோதனைதான் சரியாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றினேன்.

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் நின்ற காவ்யாவிடம், "மாத்திரைய பத்தி எதுக்குடி அத்தினி வாட்டி கேட்டுக்கினு கீறாங்க?" என்றேன்.

"நடுவுல விட்டா உள்ள ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கும்மா. ஷாக் குடுத்ததும் இதயம் ஒழுங்கா அடிக்கும்ல, அப்ப அந்தக் கட்டி பிச்சிக்கினு மூளைக்குப் பூடும். கை கால் வராது. பேச்சு வராது. அதான்."

அந்தக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். செக்யூரிட்டி ஓடிவந்தான். "அடிக்காதீங்க! ஷாக் அடிக்காதீங்க! நான்தான் நிறுத்தினேன்! அஞ்சு நாளு நிறுத்தினேன்!" என்று கத்தினேன். காவ்யா என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், சத்து மாத்திரையையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தொண்டைக்கு மருந்து அடித்து மரக்கவைத்து, லேசாக மயக்கமும் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தார். அரைமணி கழித்து எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். மேலறையின் மூலையில், நாவல்பழக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"இன்றைக்கு ஷாக் கிடையாது" என்றார். "ஒரு நாள் விடாமல் மாத்திரை. இது கரைந்ததா என்று ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம். நீங்கள் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால்..." நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, நன்றியாகவும் இருந்தது.

இவர் கண் விழித்தபோது தொண்டை மரத்திருந்தது. ஒன்றும் பேசவில்லை. காவ்யாதான் விஷயத்தைச் சொன்னாள். "நான் ஞாயித்துக்கிழம போவல, நைனா" என்றும் சொன்னாள். போ என்று கையை ஆட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மணி நேரம் போனது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். தொண்டையைச் செருமினார்.

பிறகு ஆரம்பித்தார். இருபத்தேழு வருஷத்தில் என்னை "ச்சீ" என்றுகூடச் சொல்லாத மனுஷன்.

"உனுக்கு இன்னாடி, பெரிய டாக்டருன்னு நெனப்பா? யாரக் கேட்டுக்கினு நிறுத்தன? அந்தப் பெருமாளு வந்து சொன்னாரா? நீ எப்பவுமே இப்டித்தான். மோட்டாரு ரிப்பேருன்னா நீதான் கழட்டுவ. பொண்ணுக்கு ஜுரம்னா நீதான் வைத்தியரு. நான் இன்னா, உன் ஊட்டு மாடா? குடுத்தத துன்னுட்டு கெடக்கறதுக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கல்யாணத்தன்று நான் மாப்பிள்ளை வீட்டுச் சாம்பாரைக் குறை சொன்னது வரைக்கும் போனார். நர்ஸ் வந்து, "சத்தம் போடக் கூடாது" என்றாள்.

"இருக்கட்டும்மா, பேசட்டும்" என்றேன்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு கோணவில்லை. ஒரு சொல் குழறவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இன்னும் சொல்லு" என்றேன்.