உச்-தெரெக் வாசலில் நாற்பத்து மூன்று ஜோடி

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கோக்-தொபோ கால்நடைச் சந்தையில் செய்தி பார்த்த நாற்பத்திரண்டு பேரின் காலணிகள், முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள உச்-தெரெக் என்ற ஊரில் ஜிபர் என்பவளின் வீட்டு வாசலில் போய் நின்றன. அன்று ஆட்டு விலை சற்று இறங்கியிருந்தது. விடியலில் தூறல் போட்டதால் சந்தைத் தரை முழுக்கச் சேறு. காலுறையோடு நின்றவர்களுக்கு முதலில் சேறுதான் உறைத்தது. காலணி போன விஷயம் அதற்குப் பிறகே தெரிந்தது.

செய்தியைக் காட்டியவள் கனிஷாய். ‘கோக்-தொபோ செய்தி’ வாரப் பத்திரிகைக்கு இருபத்தாறு வருடமாக ஆசிரியை. மூன்று வருடமாக அதில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளம் அடித்துக்கொண்டு போன உச்-தெரெக் பாலத்தைப் பற்றிப் பதினொரு கட்டுரை எழுதிவிட்டாள். அந்த ஊரின் பத்தொன்பது குடும்பங்களும் ஒற்றைக் கம்பியில் தொங்கும் இரும்புக் கூடையில் ஒவ்வொருவராக உட்கார்ந்துதான் ஆற்றைக் கடந்தார்கள். பனி உருகி ஆறு பெருகினால் கூடையும் ஓடாது. போன வருடம் அப்படித்தான் ஒருத்தி பிரசவ வலியோடு ஆற்றங்கரையில் கிடந்து பிள்ளையைப் பறிகொடுத்தாள். அது ஏழாவது கட்டுரை. பதினோராவது கட்டுரை அச்சான மறுநாள், சந்தையில் கனிஷாய் வாங்கிய சூரியகாந்தி விதையை அதே பக்கத்தில்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்குப் போய் விதையைக் கொறித்துக்கொண்டே அழுதாள்.

அந்தக் குளிர்காலத்தில் தலைநகரில் நடந்த ஒரு பயிற்சியில் அவளுக்கு உருண்டைக் கேமரா ஒன்றும் மெய்நிகர் கண்ணாடி ஒன்றும் கிடைத்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் செய்தி நடந்த இடத்துக்குள்ளேயே நிற்கலாம், நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். சந்தைக்காரர்கள் அதை முகப்பெட்டி என்றார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு கனிஷாய் கூடையில் ஏறி அக்கரை போனாள். ஆறு, கம்பி, கடைசியில் ஜிபரின் வீடு என்று எடுத்தாள். ஜிபருக்கு அப்போது ஆறாவது மாதம். மே நடுவில் பிரசவம், வெள்ளம் வருவது மே முதல் வாரம். புறப்படும்போது வழக்கப்படி ஜிபர் ரொட்டியை நீட்டினாள். இந்தப் பக்கத்தில் யார் வீட்டு வாசலை மிதித்தாலும் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் வெளியேற முடியாது. கனிஷாய்க்குக் கொடுத்தவள், முக்காலியில் நின்ற கேமராவுக்கும் நீட்டினாள்.

“இதுல பாக்கப் போறவங்களும் வீட்டுக்கு வந்தவங்கதானே அக்கா. வாய் வெச்சிட்டுப் போகட்டும்” என்றாள்.

கனிஷாய் சிரித்துவிட்டாள். ஏழு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். படம் ஏழு நிமிடம் நாற்பது விநாடி வந்தது. ஊரார் யாரும் செய்யத் துணியாத காரியத்தை அவள் செய்தாள்: அந்த நாற்பது விநாடி ரொட்டியை வெட்டி எடுத்தாள். சந்தைக்கு முந்தின நாள் அலுவலகத்தில் சரிபார்க்க ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். கழற்றியபோது தன் பூட்ஸைக் காணோம். அன்று கடிதம் கொடுக்க வந்த தபால்காரர்தான் எடுத்துப் போயிருப்பார் என்று அவரைக் கண்டபடி திட்டித் தீர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் முதலில் மாட்டிக்கொண்டவர் மாவட்டத் தலைவர் எசென்குல். முகப்பெட்டிச் செய்தியைத் தொடங்கிவைக்க வந்தவர், கண்ணாடி போல் மின்னும் கறுப்புக் காலணி அணிந்திருந்தார். ஏழு நிமிடம் கழித்து அவர் சாம்பல் நிறக் காலுறையில் நின்றார். அதில் ஒரு ஓட்டையும் இருந்தது. பார்த்தும் மற்றவர்கள் நிறுத்தவில்லை, அடுத்தடுத்து மாட்டிக்கொண்டார்கள். மெத்தென்ற தோல் காலணிக்கு மேல் ரப்பர் மேலுறை போடும் பெரியவர்களுக்கு மேலுறை மட்டும் போனது. அவர்கள் மற்றவர்களைக் கேலி செய்தபடி உலர்ந்த காலோடு நின்றார்கள். உப்புக்கட்டி விற்கும் ஊர்மத் என்ற பெண்தான் கடைசியில் விசாரித்தாள்.

“படம் எதுல முடிஞ்சுது?”

“வாசல்ல கழட்டிட்டு உள்ள போனோம். உக்காந்தோம். பொசுக்குனு இருட்டிடுச்சு” என்றார் காலுறையோடு நின்ற ஒருவர்.

“ரொட்டி?”

“ஏது ரொட்டி?”

ஊர்மத் கனிஷாயின் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள். “ஏம்மா, படிச்சவதானே நீ? ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, கை நனைக்க விடாம முடிச்சா, அவங்க எப்படித் திரும்புவாங்க? பாதி ஆளு இன்னும் அங்கதான் இருக்கும்.”

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அதே நேரத்தில் ஜிபர், செல்போனுக்குச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று அழைத்தாள். நாற்பத்து மூன்று ஜோடி வந்திருப்பதாகவும், அதில் ஒன்று கனிஷாயின் பூட்ஸ் என்றும், எல்லாவற்றையும் நுனி வெளியே பார்க்கும்படி வரிசையாகத் திருப்பி வைத்துவிட்டதாகவும் சொன்னாள். மூட்டை கட்டிக் கூடையில் அனுப்பலாம் என்று பார்த்தால் வாசலை விட்டு ஒன்றும் நகர மாட்டேன் என்கிறது. கனிஷாய் மனதுக்குள் தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பரிகாரம் அவளுக்குத் தெரியும். வெட்டிய துண்டு கணினியில் பத்திரமாக இருந்தது. ஒட்டிவிட்டு எல்லோரையும் மறுபடி மாட்டச் சொன்னால், ரொட்டியைத் தொட்டுவிட்டுக் காலணியோடு திரும்பி வந்துவிடுவார்கள். பிறகு விதைப் பொட்டலம்தான், பன்னிரண்டாவது கட்டுரைதான். இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு பொய்யும் அச்சிட்டதில்லை. அன்று சந்தை நடுவில் நின்று, அந்தத் துண்டு அழிந்துவிட்டது, நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று வாய் கூசாமல் சொன்னாள். பிறகு ஜிபரிடமும் பேசினாள்.

“எனக்கு அவமானமா இருக்கு அக்கா. ரொட்டி குடுக்காம அனுப்பிட்டேன்னு ஊரே பேசும்.”

“பேசட்டும். நீ மாவு பிசை. புதன்கிழமை எல்லாரும் வராங்க.”

“கூடையிலயா?”

“கூடையிலதான்.”

புதன்கிழமை ஆற்றங்கரையில் ரப்பர் செருப்பும், மனைவியின் பூட்ஸும், இரவல் காலணியுமாக ஒரு கூட்டம் நின்றது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதால் ஆளுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரையோ தேயிலையோ மாவோ கொண்டுவந்திருந்தார்கள். எசென்குல் தன் ஓட்டுநரை அனுப்பிப் பார்த்திருந்தார். காலணி ஓட்டுநருக்கு அசைந்து கொடுக்கவில்லை. ஆகவே தலைவரே வந்தார். கம்பியை இழுத்தவன் ஜிபரின் கணவன் நூர்தோலோத். எசென்குல் ஆற்றின் நடுவே வந்தபோது, வழக்கம்போல் கப்பி சிக்கிக் கூடை நின்றது. அடியில் தண்ணீர் சாம்பலாகக் கொதித்துக்கொண்டு ஓடியது.

“பயப்படாதீங்கண்ணே” என்று நூர்தோலோத் கரையிலிருந்து கத்தினான். “போன வாரம் கன்னுக்குட்டியே வந்துச்சு. அதுவும் ஆரம்பத்துல இப்படித்தான் முழிச்சுது.”

கெண்டி இரண்டு தடவை கொதிக்கும் நேரம் அவர் அங்கே தொங்கினார். அக்கரையில் இறங்கியபோது வாசலில் ஜிபர் எட்டாவது மாத வயிற்றோடு ரொட்டித் தட்டைப் பிடித்து நின்றாள். பத்தொன்பது வீட்டு அடுப்பிலும் சுட்ட ரொட்டி. எசென்குல் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார், மென்றார், காலணியைப் போட்டார். அது சுலபமாக ஏறியது. அவளுக்கு எப்போது பிரசவம் என்று கேட்டார். சொன்னாள். அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். “இரும்பும் லாரியும் நான் தரேன். கை யாரு தருவா?” என்றார். வரிசையில் நின்றவர்கள் ரொட்டியை மென்றுகொண்டே கை தூக்கினார்கள். ஒரு வீட்டு ரொட்டியைத் தின்றவர்கள் வேறென்ன செய்ய முடியும்.

நான்கு வாரத்தில் பாலம் எழுந்தது. கூலி கிடையாது, நாளொன்றுக்கு ஒரு ஆடு அடித்துச் சமைத்தார்கள், வேலை நடந்தது. மே மூன்றாம் தேதி ஆறு பெருகியது. பதினாறாம் தேதி ஜிபர் ஆம்புலன்சில் பாலத்தைக் கடந்து போய் கோக்-தொபோவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பாலம் என்றே பெயர் வைக்கலாம் என்றான் நூர்தோலோத். ஜிபர் முறைத்த முறைப்பில் குழந்தைக்கு எர்கேஜான் என்று பெயர் வந்தது. அந்த வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், ரொட்டித் துண்டு அழியவே இல்லை, பொய் சொன்னேன், மன்னியுங்கள் என்று கனிஷாய் எழுதினாள். அந்தப் பக்கத்தில் யாரும் விதை கட்டவில்லை. எசென்குல் அதை முழுதாகப் படித்துவிட்டு, ஓட்டுநரிடம், “நல்லவேளை, அந்தம்மா பொய் சொன்னாங்க” என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி.

இப்போது முகப்பெட்டிச் செய்தி எல்லா ஞாயிறும் உண்டு. எந்த வீட்டுக்குள் போனாலும் ரொட்டியோடுதான் படம் முடிகிறது, எத்தனை நிமிடமானாலும். காலணிகள் ஒழுங்காகத் திரும்பிவிடுகின்றன. சிலருக்குச் சட்டையில் துணுக்கு ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுப் போவார்கள். ஜிபர் வாசலில் ஒரு ஜோடி மட்டும் இன்னும் நிற்கிறது. கனிஷாய் எத்தனையோ முறை போய்விட்டாள். ரொட்டியைத் தொடுவாள், அந்த பூட்ஸை மட்டும் போட மாட்டாள். “இருக்கட்டும்டி. அது அங்க இருந்தா நானும் அங்க இருக்கேன்” என்பாள். உச்-தெரெக்கில் யாருக்காவது ஏதாவது என்றால் கோக்-தொபோவில் அவள் பாதம் சில்லிடும், கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பூட்ஸ் வாசலில் இருந்தால் ஆள் வீட்டுக்குள் இருக்கிறாள் என்றுதானே கணக்கு. ஆகவே ஜிபர் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு கோப்பை அதிகமாகத் தேநீர் ஊற்றி, பாலும் உப்பும் போட்டு, விரிப்பில் விருந்தாளிக்கான மேலிடத்தில் வைக்கிறாள். அதை யாரும் தொடக்கூடாது என்று எர்கேஜானுக்குத் தெரியும். சற்று நேரத்தில் கோப்பை காலியாகிவிடும், ஜிபர் எடுத்துக் கழுவி வைப்பாள். இனி தேவைப்படாது என்று கனிஷாய் அலுவலகத்தில் இருந்த கெண்டியைத் தபால்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.