பெரிய வியாழனும் என் வலது காலும்

பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்கு, டிக்கோயாப் பக்கத்தில் உள்ள எங்கள் சின்னக் கோயிலில் இந்த வருடம்தான் முதல் தடவையாக நடந்தது. பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, பங்குச் சாமியார் முழங்காலில் நின்று ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்தது. தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டார்கள். கூடவே தேயிலைக்குள் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற கஸ்பரையும் கூப்பிட்டார்கள். அதுவும் எனக்குப் பக்கத்து நாற்காலி!

வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தேன்.

"கோயில்ல என் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துட்டான்னா, சனிக்கிழமை பெரட்டுல என் முன்னாடி எப்படிடீ கைகட்டி நிப்பான்? அப்புறம் ஒருத்தனாவது என்னைய மதிப்பானா?"

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. அந்தக் கொஞ்ச நேரம்தான் என் ராஜ்ஜியம். அதுவும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

"ஆண்டவர் முன்னால எல்லாரும் ஒண்ணுன்னு ஆளுங்க குடியிருக்கிற லயத்துல செபமாலை முடிஞ்சு நீங்கதானேங்க சொன்னீங்க?" என்றாள் என் மனைவி சுகிர்தம்.

"சொல்றது வேற. பக்கத்துல உக்கார்றது வேற."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சிரிக்கத்தான்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மற்றப் பதினொரு பேரும் வெறுங்காலோடு வருவார்கள். நான் சப்பாத்தும் முழங்கால்வரை காலுறையும் போட்டுக்கொண்டு போவேன். சாமியார் என் கால் ஒன்றுக்குத்தான் கயிறு அவிழ்க்க வேண்டியிருக்கும். கோயிலே பார்க்கட்டும். சப்பாத்து, துரை வேண்டாம் என்று கொடுத்த பழசு. அது கோயிலுக்குத் தெரியாது.

சப்பாத்துக்கு மெருகு போட்டதில் நேரம் போய்விட்டது. மழை வேறு. தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஓடினேன்.

சாமியார் என் முன்னால் முழங்காலில் நின்றார். கயிற்றை அவிழ்த்தார். நான் கூட்டத்தைப் பெருமையாகப் பார்த்தேன். காலுறையை உருவினார். உள்ளே இரண்டு அட்டைகள், நெல்லிக்காய் பருமனுக்கு ஊதி, சுகமாகத் தொங்கின.

"ஐயோ, அம்மா!"

நடுக்கோயிலில் நான் போட்ட சத்தம் அது. கஸ்பர்தான் தன் நாற்காலியிலிருந்து குனிந்து, இரண்டையும் நகத்தால் தள்ளிவிட்டான்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. அட்டதானே."

ரத்தம் நிற்காமல், சாமியார் கால் கழுவ வைத்திருந்த பேசினில் ஓடியது. அடுத்து அவன் காலை நீட்டினான். அவனுக்கும் கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அதுவும் அதே பேசினில்தான் விழுந்தது. எது கணக்கப்பிள்ளை ரத்தம், எது கான் வெட்டுகிறவன் ரத்தம் என்று சாமியாரைக் கேட்டாலும் தெரியாது.

சனிக்கிழமை பெரட்டுக்குப் போனேன். கஸ்பர் என்ன செய்வானோ? ஒன்றும் செய்யவில்லை. தலைத்துண்டை இடுப்பில் கட்டி, எப்போதும் நிற்கிற தூரத்தில் கைகட்டி நின்றான். அப்பாடா! எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் கடிவாய் அரிக்க ஆரம்பித்தது. உயிர் போகிற அரிப்பு. எதிரே கஸ்பர் இடது குதிகாலால் வலது கணுக்காலைச் சுகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். நானோ சப்பாத்துக்குள், காலுறைக்குள், கணக்கப்பிள்ளைக்குள் மாட்டிக்கொண்டு நெளிந்தேன். ஆட்கள் முன்னால் குனிந்து சொறிய முடியுமா?

கஸ்பர் என் முகத்தைப் பார்த்தான்.

"ஐயா, சொறிஞ்சிக்கங்க. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்."

வரிசை முழுவதும் திரும்பி மலையைப் பார்த்து நின்றது. நான் குந்தி, சப்பாத்தைக் கழற்றி, ஆசை தீரச் சொறிந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.