எனக்கு விழுந்த வசனம்

"ஏட்டி, போன வாரம் என்ன வாசிச்சோம், சொல்லு பாப்பம்?"

செல்வமேரி அக்கா ஒருமுறை இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் மராத்தி ஊரான கட்கியில் எங்கள் பாக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்து ஜெபம் நடத்துகிறவள் அவள். வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வசனமாக பைபிளின் ஒரு அதிகாரத்தை வாசித்து முடிப்போம். நாலு பேர் முன்னால் வாசிப்பதென்றாலே எனக்குக் கூச்சம். அதனால் எனக்கு எந்த வசனம் விழும் என்று முன்கூட்டியே எண்ணி, அதை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் வாசிப்பது காதில் ஏறாது. இதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள்.

"கோழி மாதிரி கொத்திட்டு ஓடுனா எப்படி? மாடு கணக்கா அசை போடணும்ட்டி. ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும்."

அன்றிலிருந்து முயன்றேன். பழைய பள்ளி நோட்டுகளின் மிச்சப் பக்கங்களில் ஒரு வசனத்தை எழுதி, அதன்கீழ் தோன்றியதையெல்லாம் எழுதி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்காது. முதல் சொல்லில் உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும். இரண்டாவதில் பாக்டரி சங்கு. மூன்றாவதில் ஸ்டீபன் வந்துவிடுவான்.

ஸ்டீபன் என் தம்பி. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு, அப்பாவோடு சண்டை போட்டு, சிஞ்ச்வட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டான். பதினொரு மாதமாக அப்பா அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் நாற்காலியை ஸ்டேஷன் சாலையைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

அம்மா சொல்லியனுப்பி, ஒரு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு மட்டும் வர ஒத்துக்கொண்டான். அவனை எப்படியாவது வீட்டிலேயே இருத்திவிட வேண்டும் என்பதே எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நினைப்பு. அன்றைய அதிகாரம், வீட்டைவிட்டுப் போன இளைய மகன் திரும்பி வருவது. அதன் இருபதாம் வசனத்தில் நான் மூன்று வாரமாக நின்றிருந்தேன். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டுகொள்கிறான். அப்படியென்றால் தினமும் பாதையைப் பார்த்திருக்கிறான். அதன்கீழ் அப்பாவின் நாற்காலியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

ஐந்து பேர். அப்பா ஐந்தாவதாக உட்கார்ந்தால் இருபதாம் வசனம் அவருக்கு விழும். அதற்கேற்ப அக்கா, அம்மா, நான், ஸ்டீபன், அப்பா என்று இடம் போட்டேன்.

"அரே, சீட் நம்பர் போட்டுத்தான் ஜெபமா, அக்கா?" என்று என்னைக் கேட்டான் ஸ்டீபன். நகக்கண்ணில் கிரீஸ் கறுத்திருந்தது.

"பேசாம உக்காருல," என்றேன்.

அவன் மராத்தி பள்ளியில் படித்தவன். 'நான் மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை' என்ற பத்தொன்பதாம் வசனத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான். அடுத்து அப்பா. எப்போதும் நோட்டீஸ் படிப்பதுபோல வாசிக்கிறவர், தகப்பன் மகனை நோக்கி ஓடுகிற இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்தார். முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"ராத்திரி இங்கன சாப்பிடுலே."

"சரிப்பா."

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் முறை ஒன்று வந்து போனதும் நினைவில்லை. அப்பாவின் வசனத்தை எண்ணியவள், அன்று முதல்முறையாக என்னுடையதை எண்ணவில்லை. அம்மா முழங்காலைத் தட்டினாள்.

"வாசி, பிள்ள."

இருபத்தெட்டாம் வசனம். தம்பி வந்ததற்கு உள்ளே விருந்து நடக்கிறது. வீட்டோடு இருந்த மூத்தவன் கோபத்தில் உள்ளே வர மறுத்து வெளியே நிற்கிறான். தெரிந்த கதைதான். ஆனால் இந்த இடத்தில் நான் நின்றதில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது வீட்டைப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டது. பையன் படிப்பு கெடக்கூடாது என்று, ஒன்பதாவதில் என்னை நிறுத்தினார்கள். அந்தப் படிப்பைத்தான் அவன் பாதியில் உதறினான். இதை நான் எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

வாசித்தேன். அந்த ஒற்றை அறையில் என் குரல் அவ்வளவு சத்தமாக எழுந்ததே இல்லை. கோபம் என்ற சொல் வந்தபோது நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, ஸ்டீபனைப் பார்த்தேன்.

"ஏட்டி," என்றாள் அக்கா, மெதுவாக.

அடுத்தது அவன். இத்தனை வருஷம் உமக்கு உழைத்தேனே என்று மூத்தவன் தகப்பனிடம் முறையிடுகிற வசனம். விரலை வைத்து, உதடு மட்டும் அசைய, கடைசிவரை எழுத்துக்கூட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

அவன் புத்தகத்தை மூடிப் பாயில் வைத்துவிட்டு எழுந்தான். ஷூவைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல், அதன் பின்பக்கத்தை மிதித்தபடியே, படியிறங்கிப் போனான்.