வில்லர்ட் நிரப்பாத தோட்டாக்கள்

என் கணவர் வில்லர்ட் கடைசியாக என்னிடம் கேட்டது, ஊறவைத்த மிளகாய் மிச்சம் இருக்கிறதா என்று. இருந்தது. முட்டையும் மான் தொத்திறைச்சியும் சுருட்டிய டோர்ட்டியா ரொட்டிக்குள் இரண்டு மிளகாயைச் செருகி, வெள்ளித்தாளில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே ட்ரக்கில் அவர் தம்பி கர்ட் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். நவம்பர் மாதம், மான் வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் காலை.

ஒரு மணி நேரத்துக்குள் வில்லர்ட் இறந்துவிட்டார். யாரும் அவரைச் சுடவில்லை. அவர் கையிலிருந்த துப்பாக்கியே வெடித்து, அதன் இரும்புத் துண்டு ஒன்று கழுத்தில் ஏறியது. குழலுக்குப் பொருந்தாத தோட்டாவை வயசான மனிதர் கவனிக்காமல் போட்டுவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கர்ட் அப்படித்தான் சொல்லியிருந்தான். சவ அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில், தட்டில் உருளைக்கிழங்கு சாலடை வைத்துக்கொண்டு சொன்னான். இந்த மாவட்டத்தில் ஒரு மனிதனைப் பற்றி இதைவிட மோசமாக எதுவும் சொல்ல முடியாது. குடிகாரன் என்று சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் அப்பா காலத்திலிருந்து பண்ணைக்கு ஒரே துப்பாக்கிதான். ட்ரக்கின் பின்கண்ணாடியை ஒட்டிய சட்டத்தில் தொங்கும். ட்ரக்கை எடுப்பவர் எவரோ அவருக்கு அன்று துப்பாக்கி. அந்தக் கோடையில் புல்லில் பிடித்த தீயில் ட்ரக்கோடு அதுவும் எரிந்துபோனது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். மானுக்கும் ஆக வேண்டும், ஓட்ஸ் வயலை உழுதுபோட்டுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிக்கும் ஆக வேண்டும். ராக்ஸியின் துப்பாக்கிக் கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ராக்ஸி மூன்று துப்பாக்கிகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

வில்லர்ட் நேராகப் போல்ட் துப்பாக்கியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவது.

"முந்நூத்தெட்டு ரகத் தோட்டா. மான் நின்ன இடத்துலயே விழும். பன்னியோட தோள்பட்டையையும் உடைக்கும். ஒரு குழல், ஒரு தோட்டா. யோசிக்கவே வேண்டாம்."

"நீ எதைத்தான் யோசிச்ச?" என்றான் கர்ட், விசையை அழுத்த அழுத்தத் தொடர்ந்து சுடும் கறுப்புத் துப்பாக்கியைத் தொட்டு. "பன்னி கூட்டமா வருது. ஒண்ணைச் சுட்டுட்டு நீ அந்தக் கம்பியை இழுக்கறதுக்குள்ள மத்ததெல்லாம் ஆத்தைத் தாண்டிடும். கையசைச்சு வழியனுப்பு."

"நீ முப்பது சுடுவ. முப்பதும் மண்ணுக்குத்தான் போகும். மண்ணு ஏற்கெனவே செத்துதான் கிடக்கு, கர்ட்."

"கிழட்டு மாடு."

"என்ன சொன்ன?"

"ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுன்னா வெளில போங்க," என்றாள் ராக்ஸி. "கண்ணாடி என்னோடது."

எதுவும் வாங்காமல் திரும்பினோம். அடுத்த வாரம் வில்லர்ட் கன்றுகளை ஏலத்துக்கு ஓட்டிப்போன நாளில், கர்ட் தனியாகப் போய்த் தான் விரும்பிய கறுப்புத் துப்பாக்கியை வாங்கி வந்து என் சமையலறை மேசைமேல் போட்டான். கூடவே, குழலோடு சேர்ந்த இரண்டு மேல்பாதிகள். இணைப்பு ஊசிகள் இரண்டைத் தள்ளினால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம். தூரத்தில் நிற்கும் மானுக்கு ஒல்லித் தோட்டா, தீவனத்துக்குக் கிட்டே வரும் பன்றிக்குத் தடித்த தோட்டா. "ஒரே துப்பாக்கி, ரெண்டு வேலை. நீ கேட்டது இதானே?" என்று, ஏலத்திலிருந்து திரும்பிய அண்ணனிடம் சொன்னான்.

வில்லர்ட் அதைத் தொடவில்லை. முப்பது தோட்டா கொள்ளும் மேகசின் பெட்டியை மட்டும் எடுத்துப் பார்த்தார். ஒல்லித் தோட்டாவின் பித்தளையை வெட்டிக் குட்டையாக்கி அதில்தான் தடித்த தோட்டாவைச் செய்கிறார்கள். அதனால் இரண்டும் ஒரே மேகசினில் உட்காரும். தடித்ததை ஒல்லிக் குழலில் தள்ளினாலும் சில சமயம் துப்பாக்கியின் கதவு மூடிக்கொள்ளும்; சுட்டால் குழல் அடைத்து வெடிக்கும்.

"மாறிப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். முட்டாள் சாவான்."

அன்று மாலையே வில்லர்ட் என் நகச்சாயப் புட்டியை எடுத்துப் பாதி மேகசின்களுக்குச் சிவப்புப் பட்டை போட்டார். சிவப்பு என்றால் தடித்தது, பட்டை இல்லாதது என்றால் ஒல்லி. கர்ட் சிரித்தான். "அழகா இருக்கு. அடுத்து உதட்டுக்கும் போட்டு விடுவியா?" வில்லர்ட் புட்டியை மூடி வைத்தார். தன் மேகசினில் ஐந்து தோட்டாக்களைத் தள்ளி வைத்தார். மானுக்குப் போகும்போது அவர் ஐந்துக்கு மேல் நிரப்பியதே கிடையாது. ஐந்திலும் ஆகாதவன் வீட்டிலேயே இருக்கலாம் என்பார். ஊரில் எல்லோரும் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்வார்கள். கர்ட் எப்போதும் விரல் வலிக்கும்வரை திணிப்பான்.

பருவம் தொடங்கிய அந்தக் காலை, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், ஒல்லிக் குழலை மாட்டி, பட்டை போடாத மேகசினைச் செருகி, துப்பாக்கியை அண்ணன் கையில் கொடுத்தது கர்ட். அவ்வளவை அவனே விசாரிக்க வந்த ஷெரீஃபின் போலீஸ்காரர்களிடம் ஒப்புக்கொண்டான். மேகசினை நிரப்பியது வில்லர்ட் என்றான். இது விபத்தா இல்லையா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. விபத்து என்று முடித்து, துப்பாக்கியின் மிச்சத்தை ஒரு காகிதப் பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். வெடித்தபோது மேகசின் வயிறு உப்பித் தனியே கழன்று விழுந்திருந்தது. உள்ளிருந்த தோட்டாக்கள் அப்படியே இருந்தன.

வில்லர்ட் துப்பாக்கியின் கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்பார்கள். பார்த்திருக்கலாம். தம்பி நீட்டியதை வாங்கிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கர்ட்டின் வண்டி ராக்ஸியின் கடைவாசலில் நிற்பதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அந்தக் காகிதப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். கர்ட் ஒரு போல்ட் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுவரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். முந்நூத்தெட்டு.

"மானுக்கும் பன்னிக்கும் ஆகுமா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பினான். "க்ளெண்டா, இங்க வேண்டாம்."

"சாலட் சாப்பிட்டுக்கிட்டே கூடத்துல சொன்னியே, அங்க மட்டும் பரவாயில்லையா?"

"நீ ஆயிரம் கத்து, அவன் வரப்போறதில்ல. தப்பு பண்ணான், செத்தான். எனக்கு மட்டும் வலிக்கலன்னு நினைக்கிறியா?"

மேகசினைக் கண்ணாடிமேல் வைத்தேன். பட்டை இல்லாதது. கட்டைவிரலால் ஒவ்வொரு தோட்டாவாக வெளியே தள்ளினேன். தடித்த தோட்டாக்கள். கண்ணாடியில் விழுந்து உருண்டன. முதல் மூன்று நான்கு விழும்வரை யாரும் எதுவும் புரிந்துகொள்ளவில்லை. ஆறாவது விழுந்ததும் கதவோரம் நின்ற டுவேன் தொப்பியைக் கழற்றினார். முப்பது வருடம் வில்லர்ட்டோடு வேட்டைக்குப் போனவர். நான் நிறுத்தவில்லை. என் விரல்நகம் கிழிந்தது. அப்புறமும் வந்துகொண்டே இருந்தன.

"இது வில்லர்ட் போட்டதில்ல," என்றார் டுவேன், யாரையும் பார்க்காமல்.

"போதும்," என்றான் கர்ட். "நிறுத்து."

"யாரு போட்டது?"

"சிவப்பு மேகசின்ல சேறு அடைச்சுக்கிச்சு. முந்தின நாள் பன்னிக்குப் போனப்போ இதுல ரொப்பினேன். எடுத்துடலாம்னுதான் இருந்தேன். மறந்துட்டேன், க்ளெண்டா. மறந்துட்டேன்!" கத்தினான். "இப்ப சந்தோஷமா உனக்கு?"

"இல்ல."

"அப்புறம் என்னதான்டி வேணும்?"

"இப்ப சொன்னதுதான்."

ராக்ஸி அவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிச் சுவர்ச் சட்டத்தில் மாட்டினாள். "இன்னிக்கு உனக்கு விக்கல, கர்ட். போ." அவன் என்னை இடித்துக்கொண்டு வெளியே போனான். வண்டியைச் சரளைக்கல் தெறிக்க எடுத்தான். டுவேன் குனிந்து, தரையில் உருண்டிருந்த தோட்டாக்களைப் பொறுக்கித் தந்தார்.

நிலம் இன்னும் என் பெயரிலும் கர்ட் பெயரிலும்தான் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ட்ரக்கைப் பார்த்தால் நான் வண்டியைத் திருப்பிவிடுகிறேன். என்னைப் பார்த்தால் அவனும் அப்படித்தான் செய்கிறான். கடையில் மட்டும் இப்போது யாரும் வில்லர்ட்டைக் கவனமில்லாதவர் என்று சொல்வதில்லை.

கடையிலிருந்து அன்று சாயங்காலம் நான் வீடு வந்தபோது, ஓட்ஸ் வயல் மூலையில் வேட்டைக்காக வைத்த தானியங்கித் தீவனப் பீப்பாய் தன் நேரத்துக்குச் சுழன்று சோளத்தை இறைத்தது. முதலில் மான்கள் வந்தன. பின்னாலேயே பன்றிகள் வந்து அவற்றைத் துரத்திவிட்டுத் தின்றன.