சட்டைப் பையில் ஒரு ஃப்யூஸ்

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றும் இல்லை. குழாயில் திருகு கிடையாது. கையை நீட்டிக்கொண்டு நின்றால்தான் தண்ணீர் வரும், அதுவும் அதற்கு மனசு வந்தால். திரைச்சீலையை இழுக்கக் கூடாதாம், பொத்தானை அமுக்க வேண்டுமாம். மெத்தையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். வாரக்கணக்கில் வேனுக்குள்ளேயே தூங்கி, ரோட்டோரம் அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்றுகொண்டு வந்த மூன்று கிழங்களுக்கு இப்படி ஒரு ஹோட்டல் எதற்கு? எங்களில் ஒருவனான விசிலின் மகள் ஏற்பாடு செய்தது. "அங்கயாவது ரெண்டு நாள் நல்லா படுத்து எந்திரிங்கப்பா" என்றாளாம்.

மூன்று பேரும் ஒரே பஸ் டிப்போவில் காலம் தள்ளியவர்கள். அண்ணன் டிரைவர். வயதில் மூத்தவர் என்பதால் டிப்போ முழுக்க அவருக்கு அண்ணன்தான் பெயர். விசில் அவருடைய கண்டக்டர். நான் ஷெட்டில் மெக்கானிக், என்னை ஸ்பேனர் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கினோம். நான் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டினேன். நாடு நாடாகத் தரைவழியே போய், நிலம் முடிகிற இடத்தில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஓட்டுவது அண்ணன் மட்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. அவர் ஓட்டிய பஸ் ஒரு கீறலோடுகூட என் ஷெட்டுக்கு வந்ததில்லை.

வழி நெடுக என் உயிரை வாங்கியது விசில்தான். பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருப்பான். நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு. போதாக்குறைக்கு, "அண்ணே, அடுத்தது இடது. அண்ணே, பாலம் தாண்டி நேரே" என்று ஓயாத அறிவிப்பு வேறு. "ஏண்டா, அவருக்கு ரோடு தெரியாதா? வாயை மூடிட்டு வாடா" என்று பல தடவை கத்தியிருக்கிறேன். சிரிப்பானே தவிர நிறுத்த மாட்டான். அண்ணனும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டாம் நாள் மதியம் வண்டிக்கு ஆயில் ஃபில்டர் வாங்க நானும் அண்ணனும் கிளம்பினோம். விசில் நீச்சல் குளத்தோரம் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பார்க்கிங் கோபுரத்திலிருந்து ஒரு லிஃப்ட் எங்கள் வேனைக் கீழே கொண்டுவந்து வைத்தது. பளபளக்கும் கார்களுக்கு நடுவே அது விருந்துக்கு வேலை உடுப்போடு வந்துவிட்டவனைப் போல நின்றது.

முதல் சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

"அண்ணே, பச்சை விழுந்துடுச்சு."

"விசில் வரலியேப்பா" என்றார்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. கண் மேலே இருந்த பின்புறக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது, பின்னால் யாரோ ஏறி முடிக்கட்டும் என்பது போல. நாக்கை மடித்து இரண்டு தடவை சீட்டியடித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

அடுத்து ஒரு ரவுண்டானா. சுற்றினார். மறுபடி சுற்றினார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி கண்ணாடிக் கட்டடங்கள். பக்கத்தில் போகிறவர்கள் கையை ஆட்டித் திட்டினார்கள்.

"அண்ணே, எங்க போறோம்?"

"டிப்போவுக்குத்தான். லேட்டாயிடுச்சு, டைம் கீப்பர் காச்மூச்னு கத்துவான்."

"இந்த இடது எடுங்கண்ணே" என்றேன். எடுத்தார். "நேரே போங்க." போனார். கியர் மாற்றியதில் ஒரு குலுக்கல் இல்லை, பிரேக்கில் ஒரு திடுக்கிடல் இல்லை. ஹோட்டல் வாசல் வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் விசில் ஏன் வாயை மூடுவதில்லை என்று எனக்கு உறைத்தது. இத்தனை தூரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த மடையன் நான்.

அண்ணனை அறையில் படுக்க வைத்துவிட்டு நேரே குளத்துக்குப் போய் விசிலின் நாற்காலியை எட்டி உதைத்தேன்.

"எப்ப இருந்துடா?"

கேட்டவுடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஒரு வருஷமா. ரெண்டு மாசமா கொஞ்சம் அதிகம்."

"தெரிஞ்சேவா அவர் கையில ஸ்டீரிங்கைக் குடுத்த?"

"அண்ணிதான் கேட்டாங்க. 'ரோடு ஞாபகம் இருக்கும்போதே ஒரு தடவை ஆசை தீர ஓட்டட்டும் தம்பி, நீங்க கூட இருங்க'ன்னாங்க. எப்படிடா முடியாதுங்கறது? கை ஒண்ணையும் மறக்கலடா. எங்க போகணுங்கறதுதான் போயிடுச்சு. அதை நான் சொல்லிக்கிட்டு வந்தேன்."

"நீ தூங்கிட்டா? எதிர்ல ஒரு ஸ்கூல் பஸ் வந்தா?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் செய்ததைத்தான் நானும் செய்திருப்பேன் என்று தோன்றியதும் கோபம் இன்னும் கூடியது. இந்த ஊரைத் தாண்டினால் மலைப்பாதை. நாளைக்கு அண்ணன் ஓட்டக் கூடாது. அதில் இரண்டு பேருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யார் சொல்வது? ஓட்டாதீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடு" என்றான் கடைசியில். "நீ சொன்னா நம்புவார். இங்கிருந்து விமானத்துல ஊருக்குப் போயிடலாம்."

வண்டி விஷயத்தில் நான் பொய் சொன்னதே கிடையாது. பிரேக் சரியில்லை என்றால் மேனேஜர் தலைகீழாக நின்றாலும் பஸ்ஸை வெளியே விடமாட்டேன். நான் சரி என்று சொன்ன பஸ்ஸை அண்ணன் திரும்பிப் பார்க்காமல் எடுப்பார். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது இப்படிச் செலவழிக்கச் சொல்கிறான்.

காலையில் வேன் கீழே இறங்கியதும், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று அண்ணன் தெளிவாக இருந்தார். அதுதான் கொடுமை. முகம் மழித்து, தலை வாரி, பையைத் தானே தூக்கிக்கொண்டு கீழே வந்தார். "உன் பொண்ணு பரீட்சை எழுதினாளே, ரிசல்ட் வந்துச்சா?" என்று விசாரித்தார். எனக்கே அது மறந்திருந்தது.

"அண்ணே, ஒரு சிக்கல். பெட்ரோல் பம்ப் போயிடுச்சு. இந்த ஊர்ல இதுக்குப் பார்ட்டே கிடைக்காதாம்."

"அப்படியா" என்றார். என்னை ஒரு கணம் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பி, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பின்னால் பம்பின் முனகல் இல்லை. இன்னொரு தடவை திருப்பினார். பிறகு குனியக்கூட இல்லை, கை தானாக டேஷ்போர்டுக்கு அடியில் போய்த் துழாவி ஓர் இடத்தில் நின்றது.

"பம்ப் போச்சு, சரி. ஃப்யூஸ் எங்கடா போச்சு?"

விசில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் கையை நீட்டினார். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன். சொருகினார், சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அணைத்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அப்ப எனக்குத்தான், இல்லையா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிப் பிடிபட்டாயிற்று. "ஆமாண்ணே" என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நேத்து நான் என்ன பண்ணேன்?"

சொன்னேன். சிக்னலையும் ரவுண்டானாவையும் டைம் கீப்பரையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். "யாருக்கும் அடி படலியே?" என்றார். இல்லை என்றேன். இறங்கிச் சாவியை என் கையில் திணித்தார்.

"ஊருக்குத் திரும்பிடலாமாண்ணே?" என்றான் விசில்.

"எதுக்கு? கடலைப் பார்க்கத்தானே வந்தோம். பார்க்கறதுக்கு லைசென்ஸ் எதுவும் வேணாம்ல?" என்றபடி சுற்றிவந்து நான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த சீட்டில் ஏறிக்கொண்டார். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். நான் எட்டிப் போட்டுவிட்டேன்.

பஸ்களைச் சோதனை பார்க்க ஓட்டிய கைதான் என்னுடையது. ஆனாலும் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியதில்லை. பின்னாலிருந்து இரண்டு விசில் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"எடுடா, போலாம்" என்றார் அண்ணன்.

முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் பக்கத்தில் அவருடைய வலது கால் தரையில் அழுந்திவிட்டது. அவர் ஜன்னல் வழியே கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கால் மிதித்தது அவருக்கே தெரியவில்லை. அந்த ஊரில் சிக்னல்களுக்குப் பஞ்சமில்லை. ஊரைத் தாண்டும்வரை ஒவ்வொன்றிலும் அந்தக் கால் எனக்கு முன்னால் மிதித்தது. ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.