செவலையின் முதுகு

டோல்கோர் காலணியை மாட்டிக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியே வருவதற்குள் மிஜித் சேணத்தைக் கழற்றிப் பனியில் போட்டிருந்தான். செவலைக் குதிரையின் முதுகிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதன் மூக்கு வாளிக்குள் இருந்தது.

அவள் ஓடிப்போய் வாளியை உதைத்தாள். கொட்டிய தண்ணீர் பனியில் நாலடி ஓடி அங்கேயே நின்றுபோனது.

"என்ன அண்ணி, பாவம், அதுக்கு நாக்கு வறண்டு கெடக்கு. வெதுவெதுப்பான தண்ணிதான்."

"எத்தனை மடக்கு குடிச்சுது?"

"நாலஞ்சு இருக்கும்."

"சேணத்தை யாரு கழட்டச் சொன்னது?"

"வேர்த்து ஊத்துதே."

"டாக்ஸி ஓட்டுறியே. எஞ்சின் கொதிக்கும்போது தண்ணி ஊத்துவியா?"

"ஊத்தக்கூடாது. வெடிச்சிரும்."

"அப்போ இதுக்கு மட்டும் ஏன்டா ஊத்தின?"

மிஜித் அவள் கணவனின் தம்பி. தலைநகரில் பன்னிரண்டு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறான். அண்ணன் கோம்போ கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்ததும், உதவிக்கு என்று நேற்று வந்தான். செல்போன் சிக்னல் குன்றின் உச்சியில்தான் கிடைக்கும். அண்ணனிடம் பேசக் காலையில் செவலையில் ஏறிப் போனவன், திரும்பும்போது சாட்டையை ஓங்கிக்கொண்டே வந்திருக்கிறான்.

"சும்மா ஒண்ணும் விரட்டல," என்றான். "சேதி அப்படி. புயல் நாளைக்கு இல்லையாம், இன்னைக்கு ராத்திரியே வருதாம். நம்ம குதிரைங்களைத் தெற்குப் பள்ளத்துல யாரோ பாத்தாங்களாம். உடனே ஓட்டிட்டு வரணும்னு அண்ணன் கத்துறாரு."

முந்தாநாள் காற்றில் முப்பத்திரண்டு குதிரைகளும் காற்றின் போக்கிலேயே போய்விட்டன. பாதிக்கு மேல் சினைக் குதிரைகள். இன்னொரு புயல் அடித்தால் பள்ளத்தையும் தாண்டிப் போகும். அப்புறம் ஓநாய்களுக்குத்தான். மோட்டார் சைக்கிளில் எண்ணெய் உறைந்து மூன்று நாளாகிறது. வீட்டில் நின்ற ஒரே குதிரை செவலை.

அதன் தொடைச் சதை துடிக்கத் தொடங்கியிருந்தது.

டோல்கோர் உள்ளே போய் அடுப்போரம் கிடந்த உலர்ந்த கம்பளியை எடுத்து வந்தாள். மரத்தகட்டால் முதுகிலும் விலாவிலும் வியர்வையை வழித்தாள். தகட்டில் வந்த ஈரம் பனித்தூளாக உதிர்ந்தது. முதுகில் கம்பளியைப் போட்டு அதன்மேல் சேணத்தை வைத்தாள். வாரை இறுக்கவில்லை.

"மறுபடியும் சேணமா?"

"முதுகு சூடு போயிடக் கூடாது. வேர்த்த குதிரையைத் தலை தூக்கிக் கட்டி, மேயவிடாம குடிக்கவிடாம நிறுத்துவோமே. உங்க அப்பா கட்டினதைப் பாத்ததில்ல நீ?"

"பாத்திருக்கேன். கொடுமைன்னு நெனச்சேன்."

"கொடுமைதான். ஆனா உயிரோட இருக்கும். நீ தண்ணி காட்டிட்ட. இப்ப கட்டினா வயிறு இழுத்துக்கும். நடத்து."

அவன் கயிற்றைப் பிடித்து ஆட்டுப்பட்டியைச் சுற்றி நடந்தான். நகரத்துக் காலணி வழுக்கியது. மூன்றாம் சுற்றில் குப்புற விழுந்தான். செவலை நின்று அவனைப் பார்த்தது.

"அதுவே சிரிக்குது பாரு," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பைனாகுலரில் வடக்கே பார்த்தாள். வானத்தின் அடிவிளிம்பு சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. கூடாரத்துக்குள் போனாள். தேநீர்ச் சட்டியைத் திறந்தாள், மூடினாள், வெளியே வந்தாள். ஐந்தாம் சுற்று.

"எத்தனை சுத்து அண்ணி?"

"காயுற வரைக்கும்."

"அதுக்குள்ள பொழுது சாஞ்சிருமே."

பள்ளம் மூன்று மணி நேர நடை. மிஜித் ஆறாம் சுற்றைத் தொடங்கினான். பனியில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. அவள் அந்தத் தடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"நில்லு. எதுக்கு இந்தப் பட்டியைச் சுத்துற?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"நடத்தச் சொன்னேன். தெற்கே நடத்து."

கணவனின் கம்பளிக் காலணியை அவன்முன் எறிந்தாள். இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குதிரைகளைப் பிடிக்கும் கண்ணிக் கழியைத் தோளில் வைத்தாள். குதிரையை நடுவில் விட்டு இருவரும் தெற்கே நடந்தார்கள்.

நடை மெதுவாக இருந்தது. அவள் கால்கள் ஓடத் துடித்தன. ஓடினால் குதிரையும் ஓடும், மறுபடி வேர்க்கும். ஐம்பது அடிக்கு ஒருமுறை செவலையின் காதடியைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் சில்லென்று ஈரமாக இருந்தது. ஒரு மேடு தாண்டியபின் ஈரம் மட்டும் இருந்தது. இரண்டாம் மேட்டில் செவலை நின்று காலை அகட்டிச் சிறுநீர் கழித்தது. வயிறு இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்பாடா," என்றான் மிஜித். "ஒருத்தன் மூத்திரம் போறதுக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்ல."

"வாயை மூடிட்டு நட."

பனி தூவத் தொடங்கியது. முதல் துகள்கள் செவலையின் பிட்டத்தில் விழுந்து கரைந்தன. அவள் பார்த்துக்கொண்டே நடந்தாள். அடுத்தவையும் கரைந்தன. நெடுநேரம் கழித்து ஒரு துகள் மயிர்நுனியில் அப்படியே தங்கியது. பிறகு இன்னொன்று. பின்புறம் முழுக்க வெள்ளைப் பூச்சு படிந்தது. மயிர் காய்ந்துவிட்டது, உள்ளிருக்கும் சூடு இனி வெளியே வராது.

கையுறையைக் கழற்றிக் கம்பளிக்கு அடியில் கைவிட்டாள். சூடாக, உலர்ந்து இருந்தது. செவலை ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்து உதறியது. வாரை இறுக்கினாள். ஏறினாள்.

"நானு?"

"திரும்பிப் போ. ஆட்டை அடை, வாசலைக் கட்டு. காத்து உன் மூஞ்சியில அடிக்கணும். முதுகுல அடிச்சா வழி தப்பிட்டன்னு அர்த்தம்."

"நீங்க சீக்கிரம் போங்க அண்ணி. வானத்தைப் பாருங்க."

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகவே சேணத்தில் தொங்கிய சாட்டைக்குப் போனது. ஓங்கி ஒரு வீச்சு, பொழுது இருக்கும்போதே பள்ளத்தில் இறங்கிவிடலாம்.

சாட்டையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா அடிச்சிருவேன்."

செவலை நடையிலேயே கிளம்பியது.