குறையாத தண்ணீர்

குளியலறைத் தரையில் நின்ற தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நேற்று அவள் தன் கையால் சுவரில் சாக்பீஸால் கிழித்துவிட்டுப் போன கோட்டை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி நின்றது தண்ணீர். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. அடுத்த குளியலறையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. தரையைப் போட்ட மேஸ்திரியைப் போய் இத்தனை நாள் சந்தேகப்பட்டோமே என்று மனசுக்குள் அவருக்கு ஒரு மாலையே போட்டுவிட்டு, எல்லா அறைக்கும் சரி என்று கையெழுத்தும் போட்டாள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் போகிற துளையை அடைத்து, வாசலில் சின்னதாக வரப்புக் கட்டி, தரையில் தண்ணீரை நிறுத்தி, அது எதுவரை நிற்கிறது என்று சுவரில் குறித்துவிட வேண்டும். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் மேலே டைல்ஸ் ஒட்டலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகினால் அவ்வளவுதான், உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இது மருத்துவமனை. இந்தக் குளியலறைகளுக்கு நேர் கீழேதான் பச்சைக் குழந்தைகளை வைக்கப்போகிற வார்டு. கண்ணாடிப் பெட்டிகளும் அவற்றுக்கான மின்கம்பிகளும் அங்கேதான் வரப்போகின்றன. அந்த இடத்தில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் யார் பதில் சொல்வது? கையெழுத்துப் போட்டவள்தான் சொல்ல வேண்டும்.

வேலையின் தரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் உத்தியோகம் என்பதால், கட்டட ஆட்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘தரம்’. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், “டேய், தரம் வருது, தரம் வருது” என்று மாடிக்கு மாடி சேதி ஏறும். அவள் காதிலும் அது விழும். முதலில் சுருக்கென்றிருந்தது. பிறகு, வேறு மோசமான பெயர் ஏதாவது வைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று தேற்றிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் படியிறங்கும்போது அவள் கண்ணில் பட்டது ஒரு சட்டை. கொத்தனார் ஒருவர் காலையில் அலசி, கதவு வைக்காத குளியலறை வாசலில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் போட்டிருந்தார். காலையில் சொட்டச் சொட்டத் தொங்கியது. இப்போது அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னல் வைக்காத திறப்பு வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. அவள் ஒரு படி இறங்கினாள், நின்றாள். சட்டையை இந்தப் பாடு படுத்துகிற காற்று, பக்கத்தில் விரிந்து கிடக்கிற தண்ணீரை மட்டும் சும்மா விட்டுவிடுமா?

அடச்சே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். கேள்வி கூடவே வந்தது.

வீடு என்றால் அக்கா வீடு. இந்த வேலை கிடைத்ததிலிருந்து அவள் அங்கேதான் இருக்கிறாள். வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காவின் கணவர்தான். அந்தக் கட்டடத்துக்கே திட்ட மேலாளர் அவர்தான். கட்டடத்தில் ‘சார்’, வீட்டில் ‘மாமா’. சொன்ன தேதியில் சாவியைக் கொடுக்கிற மனுஷர் என்று அவருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தார்.

பால்கனியில் அவள் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, தண்ணீர் ஊற்றி, அது நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போடுவதைப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னடி இது, தண்ணியில முகம் பார்த்து மாப்பிள்ளை தேடுறியா?”

“சும்மா இரு. நாளைக்குக் காலை வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது.”

“காக்காகிட்டயும் சொல்லி வை.”

மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நல்ல குஷியில் இருந்தார். எல்லாக் குளியலறையும் தேறிவிட்டது என்ற சேதி அவருக்கு வந்திருந்தது. டைல்ஸ்காரர்களை வரச் சொல்லிவிட்டேன், இந்தத் தேதியை விட்டால் அவர்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவார்கள் என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ‘உம்’ கொட்டினாள்.

காலையில் பல்கூடத் துலக்காமல் போய்த் தட்டைப் பார்த்தாள். தண்ணீர் பேனாக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், நகக்கண் அளவு. ஆனால் இறங்கியிருந்தது. எவர்சில்வர் தட்டு ஒழுகாது. ஒழுகாத தட்டிலேயே தண்ணீர் குறைகிறது என்றால், ஒழுகாத தரையிலும் அந்த அளவாவது குறைந்துதானே ஆக வேண்டும்? குறையவே இல்லையென்றால் அது நல்ல தரை இல்லை. அங்கே வேறு ஏதோ நடக்கிறது. பயத்தோடு கூடவே, நிஜத்தைச் சொன்னால், அவளுக்கு ஒரு குறுகுறுப்பும் இருந்தது. தாலி கட்டுகிற நேரமே ஆனாலும் நாதஸ்வரக்காரர் கன்னம் எப்படி அவ்வளவு உப்புகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஜாதி அவள்.

ஆட்கள் வருவதற்கு முன்பே கட்டடத்துக்குப் போய்விட்டாள். செருப்பைக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். மேல்மாடியில் சர்ரென்று தண்ணீர் விழுகிற சத்தம். அதோடு ஒரு பாட்டு, ராகம் இல்லாவிட்டாலும் சந்தோஷமான பாட்டு. எட்டிப் பார்த்தாள். தோளில் குழாயைச் சுற்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார் மழையண்ணன்.

கான்கிரீட் போட்ட இடமெல்லாம் விரிசல் விடாமல் இறுகுவதற்காக, காயாமல் தண்ணீர் விடுவது அவர் வேலை. அவர் போன இடமெல்லாம் ஈரம் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘மழை’. அடக்கம் என்ற பொருளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இந்தக் கட்டடம் நிற்பதே தன் தண்ணீரால்தான், மற்றவர்கள் சும்மா சிமெண்டைக் குழைத்தார்கள் என்று யாரிடமும் சொல்லக்கூடியவர்.

“மழையண்ணே, என்ன பண்றீங்க?”

“வாங்க மேடம்! பாருங்க, ராத்திரிக்குள்ள எவ்வளவு இறங்கிப்போச்சு. நான் மட்டும் வரலேன்னா உங்க கோடு என்ன ஆவுறது?” சொல்லிக்கொண்டே குனிந்து ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் குழாயை மடித்துப் பிடித்தார். அவ்வளவு துல்லியம்.

“தினமும் ஊத்துறீங்களா?”

“பின்னே? ஒரு ரூமை விட்டிருப்பேனா? வேலைன்னா வேலை.”

“யாரு உங்களை ஊத்தச் சொன்னது?”

“இதுக்குத் தனியா வேற சொல்லணுமா?” அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. “மொட்டைமாடி போட்டப்போ சாரே வந்து கைப்பிடிச் சுவத்துல கோடு போட்டாரு. இந்தக் கோட்டுக்குக் கீழ தண்ணி போச்சுன்னா தொலைச்சிடுவேன்னாரு. அன்னையிலேர்ந்து கோட்டைப் பார்த்தா என் கை தானா ஊத்தும்.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்படியே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். மழையண்ணனும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார். மொட்டைமாடியில் கோடு என்றால் குறையவிடாதே என்று அர்த்தம். இங்கே கோடு என்றால் குறைகிறதா பார் என்று அர்த்தம். இரண்டும் ஒரே சாக்பீஸ். அவரிடம் வந்து ஒரு வார்த்தை, ‘அண்ணே, இதைத் தொடாதீங்க’ என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்தான். சிரிப்பு அடங்கியதும் கையெழுத்து ஞாபகம் வந்தது, கீழே இருக்கிற வார்டு ஞாபகம் வந்தது.

“எந்த ரூம்ல அதிகமா ஊத்த வேண்டியிருந்துச்சு அண்ணே? யோசிச்சுச் சொல்லுங்க.”

மழையண்ணன் கண்ணை மூடி யோசித்தார். “எல்லாத்துலயும்தான் மேடம்,” என்றார் கம்பீரமாக. “நான் பாரபட்சம் பார்க்க மாட்டேன்.”

கீழே இருந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்றால், அதற்கும் வழியில்லை. மருத்துவமனைக்காரர்கள் ஒரு நாள் பார்வையிட வந்தார்கள் என்று, கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று, குழந்தைகள் வார்டில் கான்கிரீட்டை மறைக்கிற ஃபால்ஸ் சீலிங்கை முன்கூட்டியே போட வைத்துவிட்டார் மாமா. வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேலே கான்கிரீட் ஈரமா, காய்ந்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அலுவலக அறையில் மாமா தொலைபேசியில் டைல்ஸ்காரரிடம் பேசி முடிக்கும்வரை நின்றாள். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நேத்துத்தானே எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்ட?”

“நேத்து நான் பார்த்தது தரையை இல்ல சார், மழையண்ணனோட உழைப்பை.”

“அந்த ஆளை முதல்ல வீட்டுக்கு அனுப்பறேன்.”

“அவர் நீங்க சொன்னதைத்தான் செஞ்சாரு. மொட்டைமாடியில கோடு போட்டது நீங்க.”

கோடு போட்டது மாமாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “சரி, அதை விடு. ஒழுகுதுன்னு யார் சொன்னா? ஒழுகலைன்னா? டைல்ஸ்காரன் போயிட்டான்னா தேதி போச்சு. தேதி போச்சுன்னா ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்காரங்க முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?”

“ஒழுகுதான்னு எனக்குத் தெரியாது. தெரியாம சரின்னு எழுதிட்டேன். அதை நான் வாபஸ் வாங்கறேன் மாமா.”

கட்டடத்தில் அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேண்டுமென்று கூப்பிடவில்லை, வாய் தவறி வந்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, கண்ணும் கலங்கியது. இந்த மனுஷர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு இவர் பெயருக்கே உலை வைக்கிறோமே என்று இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு நாள்,” என்றார். “ஒரே ஒரு நாள் தரேன். சீலிங்கை மட்டும் தொடாதே.”

அன்று அக்கா வீட்டுத் தட்டெல்லாம் கட்டடத்துக்கு வந்தன. ஒவ்வொரு குளியலறையிலும் நின்ற தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தண்ணீர்; அதிலும் கோடு, இதிலும் கோடு. காற்று எவ்வளவு குடிக்கிறது என்று தட்டு சொல்லும். தரை அதற்கு மேல் குடித்தால் தரையைப் பிடித்துவிடலாம். ‘இனி ராத்திரி என்ன இலையிலயா சாப்பிடுறது?’ என்று அக்கா கத்தினாள். இந்த வயதில் தட்டைத் திருடிக்கொண்டு போகிற தங்கச்சி தனக்குத்தான் வாய்த்திருக்கிறாள் என்று போனில் யாரிடமோ பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழையண்ணன் பாடுதான் பெரும்பாடு. குழாயைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் குறைகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு வேலையா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் கேட்டார். தன்னை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாமா, அவள், மழையண்ணன் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தார்கள். தட்டில் எவ்வளவோ தரையிலும் அவ்வளவே, அறைக்கு அறை அப்படித்தான் இருந்தது. மாமாவுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது; மேஸ்திரி மேஸ்திரிதான் என்று ஒரு தடவை சொல்லியும் விட்டார். கடைசியாகக் கோடி அறைக்கு வந்தார்கள். அங்கே தட்டைவிடத் தரையில் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தது. ரொம்ப இல்லை. இருக்கு என்றால் இருக்கு, இல்லை என்றால் இல்லை என்கிற அளவு.

“இந்த ரூமுக்கு ரெண்டு பக்கமும் காத்து,” என்றார் மாமா.

“தட்டுக்கும் அதே காத்துதானே மாமா?”

“தட்டு மூலையில இருக்கு.”

“இருக்கலாம். எனக்கும் தெரியல. ஆனா தெரிஞ்சுக்கணும்போல இருக்கு.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து, விரலைத் தண்ணீரில் விட்டு, வெறுமனே அளைந்தார். எழுந்தவர் விறுவிறுவென்று கீழே இறங்கினார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். குழந்தைகள் வார்டில், கோடி அறைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, வராந்தாவில் இருந்த தச்சரைக் கூப்பிட்டார்.

“இந்தப் பலகையக் கழட்டு.”

“சார், இது புதுசா பெயிண்ட் அடிச்சது.”

“கழட்டுன்னா கழட்டேன்பா.”

ஏணி வந்தது, பலகை இறங்கியது. வெள்ளைச் சீலிங்குக்கு நடுவில் கறுப்பாகச் சதுரமாய் ஒரு ஓட்டை. தச்சர் டார்ச்சை அடித்துக் காட்டினார். கான்கிரீட் கருநிறமாகத் தெரிந்தது; ஈரமா நிழலா என்று சொல்ல முடியவில்லை. மழையண்ணன் ‘காஞ்சு கிடக்கு’ என்றார். தச்சர் ‘ஈரம்தான்’ என்றார். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். மாமா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேர் கீழே போய் நின்றார்.

“ஒண்ணும் இல்லியே,” என்று ஆரம்பித்தவர் பேச்சை நிறுத்தினார். கை மெதுவாகத் தலை உச்சிக்குப் போயிற்று. முடி கொட்டிய அந்த இடத்தைத் தடவி, விரலைக் கண்ணுக்கருகே கொண்டுவந்து பார்த்தார்.

“என்ன மாமா?”

“வேர்வையாக்கூட இருக்கலாம்.”

ஆனால் அவர் நகரவில்லை. ஹெல்மெட்டைக் கவிழ்த்து, இரண்டு கையிலும் பாத்திரம்போல் ஏந்தி, அந்த ஓட்டைக்குக் கீழே நீட்டிப் பிடித்தார். பேசாதீங்க என்று அவர் கண்ணாலேயே சொல்ல, வராந்தாவில் யாரோ தட்டிக்கொண்டிருந்த சுத்தியல்கூட நின்றுபோயிற்று. தச்சர் ஏணிமேல், அவளும் மழையண்ணனும் ஆளுக்கொரு பக்கம், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் ஹெல்மெட்டுக்குள் பார்த்தபடி நின்றார்கள்.